ஆறு கிலோ

வரைபடத்தில் டோகோ
யாரோ சுவரில் சாய்த்துவிட்டுப் போன துடுப்பு.
குறுக்கே ஒரு கொட்டாவி.
நெடுக்கே ஒரு பகல், ஓர் இரவு,
இந்த முறை இரண்டு பஞ்சர்.

டாபாங்கில் ஏற்றும்போது
மூட்டைக்கு நூறு கிலோ வெங்காயம்;
லம்போனி தராசைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.
காராவில் டீசல்.
அலெஜோவில் பாறையைப் பிளந்த பழைய வழி:
எங்கள் லாரி அதில் நுழையாது,
ஆனாலும் யெந்தூபே அந்தப் பக்கம் பார்த்து
ஒரு ஹாரன் அடிப்பான்.
ஏனென்று நான் கேட்டதில்லை.
சொகோடேயில் தொழுகை முடியும்வரை நின்றோம்.
பிளித்தாவில் தண்டவாளம்
புல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.
அதக்பாமேயில் வீடுகள்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி
எங்களை வேடிக்கை பார்த்தன.
நோட்சேயில் தூங்கிவிட்டேன்.
நோட்சேயைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

லோமே.
நாடு இங்கே சட்டென்று தீர்ந்துவிடும்:
தெற்கே கடல்,
மேற்கே கடைசித் தெருவைத் தாண்டினால் கானா.
பையன்கள் உதைத்த பந்து
பாஸ்போர்ட் இல்லாமல் போய் வருகிறது.

சந்தையில் அயேலே மூட்டையை நிறுத்தாள்.
தொண்ணூற்று நான்கு.
"ஆறு கிலோ எங்கே?"

என்ன சொல்ல?
அறுநூறு கிலோமீட்டர்.
நூறு கிலோமீட்டருக்கு ஒன்று வீதம்
சாலை தின்றிருக்கலாம்.
லம்போனியும் தின்றிருக்கலாம்.
கையை விரித்தேன்.

செவியேயைத் தாண்டி வடக்கே போகாதவள்
ஒரு வெங்காயத்தை எடுத்து,
சருகுத் தோலை விரலால் தேய்த்து,
விரலில் ஒட்டிய செம்புழுதியைப் பார்த்தாள்.
"உங்கள் பக்கம் காற்று ஆரம்பித்துவிட்டதா?"

"போன வாரமே."

தொண்ணூற்றைந்துக்குப் பணம் எண்ணினாள்.