படம் 41-க்கு ஓர் அடிக்குறிப்பு

படத்தில் இருப்பது கல்யாணக் கூட்டம்.
முன்வரிசையில் ஒன்பது நாற்காலிகள்,
ஒன்றின் அடியில் யாருடைய பூனையோ.
மாப்பிள்ளையின் தொப்பிக்கு மேலே
பாதி வெட்டுப்பட்ட பலகை:
‘...னா கரிக்கிடங்கு. மொத்தம், சில்லறை.’
படத்தின் முதுகில் ஸ்டூடியோ முத்திரை,
12 மே 1957.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும்.
திங்கள் முதல் வெள்ளி வரை
நீலநாரை பிஸ்கட் கம்பெனியில் மார்க்கெட்டிங்.
பாயான் லெப்பாஸில் குளிரூட்டிய அறை.
‘மொறுமொறு’வுக்கு மற்ற மொழிகளில்
இணை தேடிக் கொடுப்பேன்.
மலாயில் ‘ராங்குப்’ என்று ஒன்று கிடைத்தது, நல்ல சொல்.
ஆனாலும் தமிழில்தான் சொல்லும்போதே
பல்லில் படுகிறது.

சனிக்கிழமை பசியாறிவிட்டுக்
கேமராவோடு தெருவுக்குப் போவேன்.
ஞாயிறு இரவு எழுதுவேன்.
எழுத்து எனக்கு ஒரு காசு தந்ததில்லை;
பிஸ்கட்தான் அதற்குப் பெட்ரோல் போடுகிறது.

விளம்பரக்காரிக்கு வரலாறு எதற்கு
என்று கேட்டவர்கள் உண்டு.
விற்கிறவன் எப்போதும் நடுவில் நிற்பான்,
அவனை அங்கே நிறுத்துகிறவள் நான்.
அதனால்தான் பழைய படம் எதுவானாலும்
என் கண் முதலில் ஓரத்துக்குப் போகிறது.

மிஸ்டர் ஊய் ஒருநாள் சொன்னார்:
“டப்பாவில் கொஞ்சம் பழமை வேணும் தேவகி.
ஒரு வருஷம் போடு.”
எந்த வருஷம்?
சண்டைக்குப் பிறகு தாத்தா தொடங்கினார்
என்று அப்பா சொல்லக் கேள்வி.
சண்டை நாற்பத்தைந்தில் முடிந்தது.
அடுப்புக் கட்ட நான் மூன்று வருஷம் கொடுத்தேன்.
எட்டில் முடிந்தது, அவருக்குப் பிடித்துப்போயிற்று.
‘ஜெலுத்தோங்கில், இதே இடத்தில், 1948 முதல்.’
கூட்டம் பதினோரு நிமிஷம்.
பொன்னிறத்தைத் தேர்வுசெய்யத்தான்
இரண்டு வாரம் ஆனது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
கமருன்னிசா அம்மாவைப் பார்க்கப் போனது
வேறு விஷயத்துக்கு.
கல்யாண பேண்டு வாசித்தவர்களைப் பற்றி
எழுதிக்கொண்டிருந்தேன்.
ஆல்பத்தைப் புரட்டினார். இந்தப் படம்.
பலகைக்குப் பக்கத்தில் அரைவட்ட ஜன்னல்.
அதை எனக்குத் தெரியும்.
மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று
காலை வெயில் விழும்போது
எத்தனை விளம்பரத்துக்கு எடுத்திருப்பேன்.
வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல்முறை.

“அத்தாவோட கிடங்கு.
அம்பத்தொம்பதுலதான் கொடுத்தோம்.
வாங்கினவங்க பிஸ்கட் போட்டாங்க.”
தேநீருக்குத் தொட்டுக்கொள்ள டப்பாவைத் திறந்தார்.
எங்கள் டப்பா.
வேறொன்றும் சொல்லவில்லை.
வருஷம் என் பக்கம் பார்க்கும்படி
மெல்லத் திருப்பிவைத்தார்.
நான் இரண்டு தின்றேன்.
மொறுமொறுப்பாகத்தான் இருந்தது.

திங்கள்கிழமை மிஸ்டர் ஊயிடம் சொன்னேன்.
வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.
“பூனை அழகா இருக்கு” என்றார்.
“அடுத்த அச்சுல பார்க்கலாம்.”
அதன் பிறகு நான்கு அச்சு ஆயிற்று.
நான் வேலையை விடவில்லை.
வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருஷம்.

கரிக்கிடங்கைப் பற்றிக் கட்டுரை எழுதினேன்.
ஒரு வாசகர், ஓய்வுபெற்ற தபால்காரர்,
அழகான கையெழுத்தில் கடிதம் போட்டார்:
‘அம்மணி, ஆண்டு பிழையாக உள்ளது.
அவ்விடத்தில் 1948 முதலே பிஸ்கட் ஆலை.
ஆதாரம் இணைத்துள்ளேன்.’
உறைக்குள்ளே
கத்தரியால் ஒழுங்காக வெட்டியெடுத்த
டப்பாவின் அட்டை உறை.
நான் தேர்ந்த பொன்னிறம்.

ஆகவே, பின்னால் தேடி வருகிறவருக்கு:
அந்த 1948 எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.
ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்
எழுதியவள் நான்தான்.
இந்தப் புத்தகத்தை நம்புகிறவர்கள்
அதையும் சேர்த்து நம்பவும்.
கடை 1959 வரை கரிக்கடை.
படம்: கமருன்னிசா குடும்பத்தாருடையது.
பூனை யாருடையது என்று
இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.