வரிசை எண் நான்கு: பதில்கள்

எஞ்சினை வாங்கினோம்
அறுபத்திரண்டில், எழுநூற்றுப் பதினாறு,
எண்ணெய்க் காகிதம் சுற்றி, மரப்பெட்டியில்.
வரைபடங்களை வாங்கவில்லை.
'விலை அதிகம்' என்று
கோப்பின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்.
யானையை வாங்கிவிட்டவர்களுக்காக
ஆண்டுதோறும் அங்குசத்தை வாடகைக்கு எடுப்பது
என் வேலை.

மார்லீஸ் டக்கெட், ஒப்பந்த அதிகாரி,
ஓக்லஹோமா, ஜன்னல் இல்லாத மூன்றாம் மாடி.
கனெக்டிகட்டிலிருந்து
நாலாயிரத்து இருநூறு மணி நேரப் பதில்கள் வாங்குகிறேன்.

ஏன் இந்த ஒரு கம்பெனி, வேறு யாருமே இல்லையா
என்று படிவம் கேட்கும்.
பதினைந்து நாள் அறிவிப்புப் போட்டேன்.
இரண்டு பேர் எழுதினார்கள்.
ஒருவர் ஏசி ரிப்பேர் செய்பவர், தவறுதலாக.
மற்றது அந்தக் கம்பெனியே,
'நாங்கள் இருக்கிறோம்' என்று.

'வேறு எவராலும் இயலாது.'
போன ஆண்டு நான் எழுதிய வாக்கியம்,
அதற்கு முன்பு வேறொருவர் எழுதியது.
அதில் ஓர் எழுத்துப்பிழை உண்டு.
திருத்தினால் வக்கீல்கள் முதலிலிருந்து படிப்பார்கள்.
விட்டுவிட்டேன்.

ஏழு கையெழுத்தில் ஆறு வந்தது.
ஏழாமவர் மொன்டானாவில் மான் வேட்டையில்.
செப்டம்பர் முப்பது, வெள்ளி, நள்ளிரவு:
பழைய ஒப்பந்தம் செத்தது.

சனிக்கிழமை ரஸ் ஓவர்பி கூப்பிட்டார்.
மூன்றாம் அடுக்குத் தட்டில் ஒரு விரிசல்.
அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் முப்பது வரை
புத்தகம் பொறுக்கும். இது முப்பத்து மூன்று.
'மிச்சம் ஒரு தலைமுடி, மார்லீஸ்,
அதுவும் என் தலையில் மிஞ்சியிருக்கிற ரகம்.'
குவாமில் ஒரு விமானம்
மூன்று எஞ்சினோடு நாலாவதுக்குக் காத்திருந்தது.

பதில் ஹலினா வொய்ச்சிக்குக்குத் தெரியும்.
இன்று அவரிடம் கேட்டால் அது கடன்.
அரசாங்கத்தின் பெயரில் கடன் சொல்ல
எனக்கு அதிகாரமில்லை. ரஸ்ஸுக்கு அறவே இல்லை.

பட்டறைக்குப் போனேன், தடுப்பதற்கு என்று.
தன் சொந்த போனில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்.
காதில் விழாத தூரத்தில் நிற்கப் பார்த்தேன். விழுந்தது.
'கேட்கவில்லை, ஹலினா. சும்மா சொல்கிறேன்.
முப்பத்து மூன்று.'

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது.
ஒரு கதவு சாத்தப்பட்டது.
பிறகு ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்க சைரன்.
'என்ன சத்தம் அது?'
'புயல் சைரன். சனிக்கிழமைதோறும் சோதனை.'
'நிஜமாகவே வந்தால் எப்படித் தெரியும்?'
'நிற்காது.'
சைரன் நின்றது.
'நானாக இருந்தால், ரஸ்,
அது நின்ற பிறகும்
கொஞ்ச நேரம் வெளியே போகமாட்டேன்' என்றார்.

ரஸ் சிவப்பு அட்டையைத் தட்டில் கட்டினார்.
குவாமுக்குத் தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பினார்.
நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினொன்றாம் தேதி ஏழாவது கையெழுத்து வந்தது.
புதிய ஒப்பந்தத்தின் முதல் கேள்வி, முதல் பதில்:
'தட்டை மாற்றவும்.'
பில்லில் பன்னிரண்டு நிமிடம்.

சனிக்கிழமையின் நாற்பது நிமிடத்தை
எல்லாப் பக்கத்திலும் தேடினேன்,
இருந்திருந்தால் நான் எழுதி அனுப்ப வேண்டிய புகார் ஒன்று உண்டு.
இல்லை.
பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும்
ஒப்புதல் போட்டேன்.