பாடியவர் என்ற கட்டம்

ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை வாங்கிய மடிக்கணினி,
சாவிகளில் பாதி அரபி.
பழையதன் வயிற்றில் ஆறாயிரத்துச் சொச்சம் பாட்டு.
ஒயர் மாட்டி இரண்டையும்
கட்டிலில் பக்கம் பக்கமாகக் கிடத்தினேன்.

பதினேழு நிமிடம் என்றது.
பிறகு மூன்று மணி நேரம்.
பிறகு இரண்டே நிமிடம்.
எங்கள் மந்தூப் சொல்லும் ‘புக்ரா’ இதைவிடத் தேவலை.
சோறு வடித்தேன், மீன் பொரித்தேன், தின்றும் முடித்தேன்.

எல்லாம் வந்து சேர்ந்ததும்
புதுப்பெட்டி மூக்கை நுழைத்தது:
முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டில்
பாடியவர் பெயர் தவறு. திருத்தட்டுமா?

தவறுதான்.
இஞ்ஞாசி செய்த வேலை.
பாடியவர் என்ற கட்டத்தில்
அந்தப் பாட்டை அறையில் யார் கேட்டு வாங்கினார்களோ
அவர்கள் பெயரை அடித்துவைப்பான்.
கிரேன் செல்லதுரை, நாற்பத்தொரு பாட்டு.
மேல்கட்டில் அபுதாகிர், எல்லாம் அழுகை ரகம்.
மெஸ் குட்டப்பன், மலையாளம் மட்டும் என்று பார்த்தால்
நடுவில் இரண்டு இந்தி, கள்ளன்.
என் பெயரில் ஒன்பதுதான்.
எட்டு சரி.
ஒன்பதாவதை நான் கேட்டதாகவே நினைவில்லை.

விசாரிக்கலாமென்றால் இஞ்ஞாசி இப்போது ராஸ் லஃபானில்,
இரவு ஷிஃப்ட்,
போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும்.

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.
நிச்சயமாகவா என்றது.
அதையும் அழுத்தினேன்.

ஒன்பதாவது ஓடுகிறது.
யாரோ ஒரு பெண்.
அபுதாகிரின் காலிக் கட்டிலுக்குக் கீழே
நான் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க,
என் பெயரில்
அந்த உச்சத்தை அநாயாசமாகத் தொட்டுவிட்டு
இறங்குகிறாள்.