ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

பாதி விலை நான் போட்டேன், பாதி என் தம்பி யெஸ்டின்.
இருவரில் யாருக்கும் முழுதாய்க் கட்டுப்படியாகாத
குட்டி வண்டி. இரண்டே கதவு.
பின்சீட்டில் உட்கார முழங்கால் இல்லாதவர்கள் வேண்டும்.
நிறம், கடுகு அரைத்த மஞ்சள்.
பழமொழி சொல்ல வாயெடுப்பவர்களைக்
கையமர்த்திவிடுவேன். தெரியும், தெரியும்.

ஞாயிறு மாலை சாவி கைமாறும்,
வேல்ஸின் வடக்கு மூலையில், மழை பிசுபிசுக்கும்
மீன் வறுவல் கடை வாசலில்.
"எண்ணெய் பாத்துட்டேன், மெரெரிட்" என்பான்.
"இடது முன்சக்கரம் தேயுது" என்பேன்.
பயணக் கணக்கைப் பூஜ்யத்தில் வைத்து
கொடுத்தவர் நடந்து வீடு போவோம்.
அம்மா செத்த பிறகு
நாங்கள் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

இந்த மாதிரி வண்டிக்காரர்களைப் பற்றி
ஊர் என்னென்னவோ நினைக்கிறது.
பத்தில் ஒன்பது பங்கு நேரம்
வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால்
இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு கிடக்கிறோம்.
ஊருக்குள் இருபது மைல்தான். மீறினால்
யார் ஓட்டியது என்று கேட்டுக் கடிதம் வரும்.
ஒருமுறை வந்தது. என் வாரம்.
அவன் கட்டிவிட்டான், சொல்லவில்லை.

மிச்சம் ஒரு பங்கு இருக்கிறதே,
நீர்த்தேக்கம் தாண்டி,
ஆடு தாண்டாத கம்பித்தடுப்பில் தடதடத்து
மேலேறும் ஏழு வளைவு.
வளைவு முதலில் இடுப்புக்குத் தெரியும்,
பிறகுதான் கண்ணுக்கு.
பார்த்த பக்கம் வண்டி திரும்பிவிடும்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
வேகமென்றுகூடச் சொல்ல முடியாது.
முள் ஒரு கோடு ஏறினால் பள்ளம்,
ஒரு கோடு இறங்கினால் உப்பில்லாத சோறு.
பல் மருத்துவமனை வாசல் மேசையில்
"உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று
நாளெல்லாம் சொல்கிறவளுக்கு
யாரும் கூப்பிடாத ஆறு நிமிடம்.

என் வாரத்தின் முதல் காலை
கதவைத் திறந்தால் தம்பி இருப்பான்.
கடைசிவரை பின்னால் தள்ளிய சீட்டு,
கூரையை மட்டும் காட்டும் கண்ணாடி,
மிதிப்பாயில் செம்மறிப் புழுக்கை,
புதினா மிட்டாய்த் தாள்.
பெட்ரோல் முள் அடியில் கிடந்தால்
அவன் வாரம் நன்றாகப் போயிருக்கிறது.
தொட்டி ததும்ப நிரப்பியிருந்தால்
யாரோடோ சண்டை.
சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தாழ்த்தி
அவனை அழித்துவிட்டு என்னை எழுதுவேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு கடைக்கு அவன் வரவில்லை.
வண்டி வீட்டு வாசலில், சாவி மதில் கல்லடியில்
என்று செய்தி மட்டும்.
போய் உட்கார்ந்தேன்.
சீட்டு வழக்கம்போல் பின்னால். பாய் சுத்தம்.
மிட்டாய்த் தாள் இல்லை.
பயணக் கணக்கு, பூஜ்யம் புள்ளி எட்டு.
மீன் கடையிலிருந்து இந்த வாசல்வரை.

இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்.
நெற்றியில் கட்டு.
செவ்வாய்க்கிழமை பட்டிக்குள் விழுந்தானாம். வலிப்பாம்.
உரிமத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியாயிற்றாம்.
ஒரு வருடம். நடுவில் மறுபடி வந்தால்
முதலிலிருந்து ஒரு வருடம்.
"உன் பாதியை வித்துடணுமா?" என்றேன்.
வாயில் அதுதான் வந்தது.
"எந்தப் பாதி?" என்றான், "முன்பாதியா, பின்பாதியா?"

இப்போது ஞாயிறுகளில்
இடப்பக்கச் சீட்டில் மடங்கி உட்கார்கிறான்.
மூன்று ஆண்டில் ஒருவர் ஓட்ட மற்றவர்
ஒருநாளும் ஏறியதில்லை.
கம்பித்தடுப்பில் பல்லைக் கடிக்கிறான்.
ஒரு வளைவு, இரண்டு, நான்கு.
ஐந்தாவதற்கு முன்னால்
அவன் இடது கால் வெறும் பாயை அழுத்துகிறது,
அங்கே இல்லாத கிளட்சை.
நான் இன்னும் மாற்றவில்லை.

"மூணு" என்றான்.
மூணு போட்டேன்.
வண்டி மூக்கைத் தாழ்த்தி வளைவைக் கடித்தது.
"லேட்டு" என்றான் யெஸ்டின்,
கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.