நீவாடு

"கயிறு அத்து, படகு ஓடிருச்சு தங்கச்சி"
என்றார் வியாகுலம்.
மண்டபம் ஸ்டேஷன் பெஞ்சின் நுனியில்
ஈர லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.
படகு இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம்
எவர் துறையிலோ.

பக்கத்துக்கு அறுபது ரூபாய் எனக்கு,
சொன்னதை இங்கிலீஷில் அடித்துத் தர.
ரன் என்று அடித்தேன்.
இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு,
"ஏன் ஓடினான்?"
அவரில்லை சார், படகு.
"படகுக்குக் கால் இருக்கா?"

இரவு அகராதியில் தேடினேன்.
ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாய்.
மூக்கு ஒழுகினாலும் ரன்,
சேலைச் சாயம் இறங்கினாலும் ரன்.
நாம் நிற்கிற தேர்தலில்
அவர்கள் ஓடுகிறார்கள்.
வேரைப் பார்த்தால்
குளிர்நாட்டுப் பழம்பேச்சு ஒன்றில்
தண்ணீர் போவதற்கும் கால் போவதற்கும்
ஒரே சொல்.
அதன் உறவுமொழி ஒன்றில்
கால் உதிர்ந்து
ஒழுகும் நீர் மட்டும் மிச்சமாம்.

நம்மிடமும் இருக்கிறது:
ஓடை, ஓடம், ஓட்டம்.
எங்கள் தெருவில் ஒருத்தி "ஓடிட்டா" என்றால்
யாரும் ஆற்றை நினைப்பதில்லை.
கூரைமேல் ஓடு மட்டும் அசையாது,
புயல் வரும்வரை.
எங்கள் வைகையோ வினையெச்சம்.
ஓடி, ஓடி,
ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நின்று,
கடலைப் பாராமல்...

காலையில் அவரையே கேட்டேன்,
ஓடாமல் வேறெப்படிச் சொல்வீங்க?
"நீவாடு கொண்டு போச்சு."
நீவாடுன்னா?
யோசித்தார். கையைக் கிடத்தி
மெல்லத் தெற்கே தள்ளினார்.
"கடலுக்குள்ள கடல் போறது."

கரண்ட் என்று அடிக்கலாம்தான்.
இன்ஸ்பெக்டர் மின்வாரியத்துக்கு அனுப்பிவிடுவார்.
அதற்கும் வேர் ஓட்டம்தானாம்,
வேறொரு நாட்டின் ஓட்டம்.

கடைசியில்,
கடல்நீர் படகைக் கொண்டுபோனது
என்பதற்கு வந்த இங்கிலீஷை அடித்தேன்.
"இப்ப படகு ஓடலைல்ல?"
இல்லண்ணே. தண்ணிதான்.

கைநாட்டு வைத்தார்.
விரல் ஈரம். மை கலங்கி
அவர் பெயர்மேல் நீலமாய் இறங்கியது.
அதற்கும் அகராதியில் அதே சொல்.
இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கிப் பார்த்து,
"வேற அடிச்சுக் கொண்டா" என்றார்.