இரண்டாம் வேற்றுமை

புர்னோ நகரத்தில் ஒரு நிலவறை.
கான்கிரீட் பாளத்தின்மேல் தனியாக நிற்கிறது
எலெக்ட்ரான் நுண்ணோக்கி.
கட்டடமே அசைந்தாலும் அது அசையக்கூடாதாம்,
அதற்கு மட்டும் வேறு அஸ்திவாரம்.
எனக்குக் கதவோரம் ஒரு முக்காலி.
மூச்சை மெதுவாக விடச் சொல்லியிருக்கிறார்கள்.

பதினோரு வாரமாக நான் பார்ப்பது
அதைப் பார்ப்பவர்களை.
குறிப்பேட்டில் நேரம், கை இருந்த இடம், சொன்ன சொல்.

9.40. பிளாங்கா திரவ நைட்ரஜன் ஊற்றுகிறாள்.
"குடி, குடி" என்கிறாள்.
10.05. வெற்றிடம் சரியாக வரவில்லை. ஒரு பெருமூச்சு.
அவளுடையதா பம்பினுடையதா, தெரியவில்லை.
10.30. ராடெக் எட்டிப் பார்க்கிறான்.
"இன்றைக்கு எப்படி?"
"தூங்கி எழுந்த முகம்."
யாரும் சிரிக்கவில்லை.

திரையில் தங்கத் துகள். அணுக்கள்
கம்பங்கதிரில் மணிபோல் நெருங்கி நிற்கும்.
திடீரென்று எல்லாம் கலங்கும்.
"எட்டாம் நம்பர்" என்பாள் பிளாங்கா, தலை திருப்பாமல்.
சில நொடி கழித்துத்தான்
மேலே தெருவில் டிராம் போவது
என் காதுக்கு வரும்.

செக் மொழியில் நுண்ணோக்கி ஆண்பால்.
ஆனால் உயிரில்லாத ஆண்பால்;
இலக்கணத்தில் அதற்கென்று தனி அறை.
ஒருவனைப் பார்த்தேன், நாயைப் பார்த்தேன் என்றால்
பெயரின் வாலில் ஓர் 'அ' சேரும்.
பொருளென்றால் சேராது.
மார்ச்சில் இழை அறுந்த நாள்
ராடெக் தொலைபேசியில் யாரிடமோ
அந்த 'அ'வைச் சேர்த்துச் சொன்னான்.
அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

எழுதுவது தமிழில். அங்கேயும் அதே வம்பு.
பேனா எடுத்தேன் என்றால் போதும், 'ஐ' தேவையில்லை.
பிளாங்கா பார்த்தேன் என்று எழுதிவிட முடியுமா?
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
இரண்டாம் வாரம்: கருவி துடைத்தாள்.
ஏழாம் வாரம்: கருவியைத் துடைத்தாள்.
எந்த நாளில் வந்து ஒட்டிக்கொண்டது அந்த 'ஐ',
நான் ஒட்டியதாக ஞாபகமில்லை.

ஒலிப்பதிவை எழுத்தாக்க ஒரு நிரல் வைத்திருக்கிறேன்.
என்னைவிட நன்றாகச் செக் தெரியும் அதற்கு.
நேற்று நூற்றிருபது பக்கம் தந்தது.
ஆளோடு ஆள் பேசியது ஒன்றுவிடாமல் இருக்கிறது:
காப்பி, மானிய விண்ணப்பம், ராடெக்கின் முதுகுவலி,
யாருடைய மகளோ பல்லுக்குக் கம்பி கட்டியது.
'குடி, குடி' இருந்த இடத்தில்
பின்னணி ஓசை என்று போட்டிருக்கிறது.
'வா, இன்னும் கொஞ்சம், வா' — பின்னணி ஓசை.
இழை அறுந்த அன்று, கதவைச் சாத்திக்கொண்டு
பிளாங்கா கால் மணி நேரம் தாழ்ந்த குரலில் சொன்னது முழுக்க
பின்னணி ஓசை.

கட்டுரைக்கு நல்ல இடம் என்று பட்டது.
கொஞ்சம் பெருமையோடு அவளிடம் காட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தாள்.
"சரியாகத்தான் எழுதியிருக்கிறது.
அதனோடு யார் பேசினார்கள்?
என் கை நடுங்கக்கூடாது, அதற்காகச் சொல்வது."
தாளை மடித்துத் தந்தாள். பிறகு,
"அன்றைக்குச் சொன்னதை மட்டும்
உன் கட்டுரையில் போடாதே."
எனக்கு அது புரியவே இல்லை என்றேன்.
பாதி உண்மை.

அடுத்த மாதம் புது மென்பொருள் வருகிறது.
குவியத்தைத் தானே பார்த்துக்கொள்ளுமாம்.
குமிழில் கை வைக்க வேண்டியதில்லை.
பிளாங்கா இதைச் சொன்னபோது
அவள் கை குமிழில்தான் இருந்தது.
குறித்துக்கொள்ளக் குனிந்தேன்.

படம் கலங்கியது.
"எட்டாம் நம்பர்" என்றேன், முந்திக்கொண்டு.

"இல்லை" என்றாள்.
"நீ முக்காலியை நகர்த்தினாய்."