போனால் மயிர்

இடது இழுப்பறை நிறைய இருமல் மிட்டாய் டப்பாக்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு.
மூஸ் கழுத்து: கோலாரி சாலையில் லாரி அடித்தது,
போலீஸ் வருவதற்குள் ஒரு பிடி வெட்டிக்கொண்டேன்.
கரடி: மரத்துப் பிசினில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது,
எனக்குக் கொடுத்துவைத்தது ஏழெட்டு இழை.
வெள்ளைக் குதிரைவால்: இசைப்பள்ளி தூக்கிப்போட்ட
செல்லோ வில்லிலிருந்து.
சர்க்கஸ் ஒட்டகம்: கேட்டுத்தான் வாங்கினேன்.
கணவன் அர்வோவின் தாடி:
தண்ணீர் பட்டதும் சப்பென்று படுத்துவிடுகிறது.
உதவாது.

பகலில் பெல்லோ ஊருக்குத் தபால் கொடுக்கிறேன்,
இரவில் தூண்டில் ஈ கட்டுகிறேன்.
ஜூனில் இங்கே இரவும் பகல்தான்.
கலைமான் மயிருக்குள் காற்று, அதனால் மிதக்கும்;
நூலை இறுக்கினால்
சண்டைக்கு நிற்கும் பூனைபோல் சிலிர்க்கும்.
இதெல்லாம் மீனுக்குத் தெரியவேண்டியதில்லை.
வந்தால் மீன், போனால் மயிர்
என்றுதான் ஆற்றில் எறிகிறோம்.

ரெமு என் கெண்டைக்காலைக் கடித்த அன்று
கையில் வரி அலுவலகத்தின் பழுப்பு உறை.
"அவனுக்குக் கடிதம் பிடிக்காது" என்றான் தௌனோ.
"எனக்கும்தான்."
நாலு தையல்.
மருத்துவமனைக் கட்டிலில் பார்க்கிறேன்,
கால்சட்டைக் கிழிசலில் ஒட்டியிருக்கிறது
நுனி கருத்து, வேர் சாம்பலாய் ஒரு கொத்து.
மேல்மயிர் விறைப்பு. அடிமயிர் பஞ்சு.
இரண்டு குணமும் ஒரே தோலில்
கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.
செவிலியிடம் காலி உறை ஒன்று கேட்டேன்.
மாத்திரைக்கு என்று நினைத்தாள்.

பாத்திர சோப்பில் அலசிக்
கட்டிக்கொண்டுபோய் எறிந்தேன்.
மூன்றாவது வீச்சில்
ஒன்பது கிலோ சால்மன்.

கடிக்கிற நாய் இருந்தால் தபால்பெட்டி சாலையோரம்,
இது மேலிடத்து உத்தரவு.
நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று
தௌனோ ஆறு வருடம் என்னோடு பேசவில்லை.
நாய் பேசியது.
பெட்டியடியில் வந்து உட்காரும்.
என் பங்கு ஒரு துண்டு சாசேஜ்,
அதன் பங்கு ஒரு சீப்பு மயிர்.
கணக்கு நேராக இருந்தது.

நவம்பரில் பெட்டியருகே பனியில் தடம் இல்லை.
அடுத்த வாரமும் இல்லை.
சாசேஜ் பையிலேயே கல்லானது.

பகல் ஒரு தீக்குச்சி நேரமே எரிகிற மாதத்தில்
தௌனோ வந்தான்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு
ஓட்டைக் காலுறையோடு அடுப்படியில் நின்றான்.
"ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
நீ சீவுவதை."
திருட்டு பிடிபட்டவள்போல் எனக்குக் காது சுட்டது.
அவன் கேட்டது வேறு.
"எத்தனை பிடித்தான்?"

"யார்?"

"அவன்தான்."

எண்ணினேன். பதினொரு சால்மன்.
இரண்டு கிரேலிங். ஒருமுறை என் தொப்பி.
அவன் விரல் மடக்கினான்,
தொப்பிக்கும் ஒன்று.

கடைசி ஈ எங்கே என்றான்.
ஆகஸ்டில் ஒரு பெரிய மீன் நூலை அறுத்துக்கொண்டு போனது,
வாயில் அதுவும் இருந்தது என்றேன்.
"கடலுக்கா போயிருப்பான்?"
"தெரியவில்லை. போயிருக்கலாம்."
"படகில் ஏறவே மாட்டான்" என்றான் தௌனோ.
"ஏரியைக் கண்டாலே என் காலுக்குப் பின்னால் ஒளிவான்."

டப்பாவைத் திறந்தேன்.
இன்னும் ஒன்றுக்குத்தான் காணும்.
முள்ளை இடுக்கியில் பூட்டினேன்,
அவன் விளக்கைப் பிடித்தான், கொஞ்சம் ஆடியது.
தோட்டாக் கூட்டில் போட்டுத் தட்டி
நுனிகளை ஒன்றாக்கினேன்,
விரலில் எச்சில் தொட்டு
மயிரை நீவினேன்.

எத்தனை அலசியும் போகாதது.
நனைந்ததும் அடுப்படி முழுக்க
நாய் வாசம்.

தௌனோ கதவைத் திரும்பிப் பார்த்தான்.
கதவு சாத்தித்தான் இருந்தது.